லாப்லாந்தில் பனிக்கால விடுமுறை: குழந்தைகளோடு போவோருக்கு

பின்லாந்தின் வட எல்லையில், ஆர்க்டிக் வட்டத்தின் இருபுறமும் பரந்து கிடக்கிறது லாப்லாந்து மாகாணம். பரப்பு ஏறத்தாழ 1 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 2 லட்சத்துக்கும் குறைவு. நவம்பர் இறுதிவாக்கில் தரையில் படியும் பனி மே மாதம் வரை முழுதாக விலகுவதில்லை. ஏரிகளும் ஆறுகளும் உறைந்து சமவெளிகளாகிவிடும். பைன், ஸ்ப்ரூஸ் மரங்கள் பனிச்சுமையில் வளைந்து நிற்கும். குழந்தைகளோடு ஆர்க்டிக் குளிர்காலத்தைக் காண விரும்பும் குடும்பங்களில் பெரும்பாலானோர் முதலில் எண்ணிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

வேறு இடங்களும் இருக்கின்றன. நார்வேயின் த்ரொம்சோ இதைவிட வடக்கே இருந்தாலும், அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் அங்கே குளிர் குறைவு. கடலும் மலையும் சேர்ந்த அழகு அந்த ஊருக்கு உண்டு, ஆனால் கடற்காற்று கொண்டுவரும் மேகமும் ஈரமும் கூடவே வரும். ஸ்வீடனின் யுக்காஸ்யார்வி கிராமத்தில் 1989-90 குளிர்காலம் முதல் ஆற்றுப் பனிக்கட்டியை அறுத்து ஆண்டுதோறும் ஒரு விடுதி எழுப்புகிறார்கள். பனிக்கரடிகள் உலவும் ஸ்வால்பார்ட் தீவுகள் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றவையல்ல. லாப்லாந்தின் பலம் அதன் வசதிகளில் இருக்கிறது. சாலைகள் குளிர்காலம் முழுக்கத் திறந்திருக்கின்றன, ரயில் ஓடுகிறது, ரொவானியெமி, கித்திலா, இவாலோ ஆகிய ஊர்களில் விமான நிலையங்கள் உண்டு. வெளியே மைனஸ் 25 டிகிரி இருந்தாலும் வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு உட்காரலாம். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இவைதான் முக்கியம்.

குடும்பப் பயணத்தைத் திட்டமிடும்போது பெரும்பாலோர் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலிலிருந்து தொடங்குகிறார்கள். ஆர்க்டிக்கில் அந்த வழி சரிப்படாது. வீட்டிலேயே சிறிய பிள்ளை எவ்வளவு நேரம் குளிரைத் தாங்கும் என்பதே முதல் அளவுகோல். எந்த மாதம் போவது, எங்கே தங்குவது, ஒரு நாளில் எத்தனை நிகழ்ச்சிகள் என்பதெல்லாம் அதிலிருந்தே பிறக்க வேண்டும். நாளுக்கு ஒரு பெரிய நிகழ்ச்சி போதும். மீதி நேரத்தைப் பனிக்கும் சூட்டடுப்புக்கும் உறக்கத்துக்கும் விட்டுவிடலாம்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது வெளிச்சத்தையும் குளிரையும் தேர்ந்தெடுப்பதற்குச் சமம். ஆர்க்டிக் வட்டத்துக்குச் சில கிலோமீட்டர் தெற்கே உள்ள ரொவானியெமியில் டிசம்பர் 21ஆம் தேதி சூரியன் பதினோரு மணிக்கு மேல் எட்டிப் பார்த்து, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அடிவானத்தை ஒட்டியே நகர்ந்து, இறங்கிவிடும். முன்னும் பின்னும் உள்ள அந்தி வெளிச்சத்தைச் சேர்த்தால் ஆறு மணி நேரம் போலக் கண் தெரியும். வடகோடியில் இருக்கும் உட்ஸ்யோக்கியில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. அதற்காக அங்கே கும்மிருட்டு என்று எண்ணிவிடக் கூடாது. நண்பகலை ஒட்டி வானமும் பனியும் ஒரே நீலத்தில் தோய்ந்திருக்கும். அந்த நீல வெளிச்சத்துக்காகவே டிசம்பரில் போகிறவர்கள் உண்டு. ஆனால் பகல் முழுக்க வெளியே சுற்றிப் பழகிய பிள்ளைகளுக்கு மதியம் இரண்டரை மணிக்கு இருட்டத் தொடங்குவது முதல் நாட்களில் திகைப்பாக இருக்கும்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் குளிர் உச்சத்துக்குப் போகும். ரொவானியெமியின் ஜனவரி சராசரி வெப்பநிலை மைனஸ் 11, 12 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். சில நாட்கள் மைனஸ் 30 வரை இறங்கும். பின்லாந்தில் இதுவரை பதிவான கடுங்குளிரும் இந்த மாகாணத்தில்தான்: கித்திலா வட்டாரத்தின் போக்கா கிராமத்தில் 1999 ஜனவரி 28 அன்று மைனஸ் 51.5 டிகிரி. மார்ச்சில் நிலைமை மாறுகிறது. பனியின் உயரம் அப்போதுதான் அதிகம், பகல் பன்னிரண்டு மணி நேரத்தை எட்டுகிறது, வெயிலில் பனி மின்னுகிறது, இரவு மட்டும் இன்னும் குளிர்கிறது. பின்லாந்துக் குடும்பங்களே பனிச்சறுக்கு விடுமுறைக்கு வடக்கே வருவது பிப்ரவரி பின்பகுதியிலும் மார்ச் தொடக்கத்திலும்தான். முதல்முறை போகும் குடும்பத்துக்கு, அதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள குடும்பத்துக்கு, மார்ச்சே சிறந்த மாதம்.

பள்ளிக்கூட நாட்காட்டி அதற்கு எப்போதும் இடம் கொடுப்பதில்லை. தமிழ்நாட்டில் மார்ச் என்றால் தேர்வுக்காலம். அரையாண்டு விடுமுறை விழுவது டிசம்பர் கடைசி வாரத்தில். லாப்லாந்தில் கூட்டமும் விலையும் உச்சத்தில் நிற்கும் வாரமும் அதுவே. கிறிஸ்துமஸ் தாத்தாவைப் பார்க்க ஐரோப்பா முழுவதிலிருந்தும் டிசம்பரில் விமானங்கள் வந்து இறங்குகின்றன. டிசம்பரில்தான் போக முடியும் என்றால் ஓராண்டுக்கு முன்பே அறை பிடித்துவிட வேண்டும். பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பிப்ரவரியில் வரும் பருவ இடை விடுமுறை வசதியானது. நவம்பரை நம்பிப் போவது இப்போது அவ்வளவு பாதுகாப்பானதல்ல. ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் சூடேறி வருவதாகப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2022இல் கணக்கிட்டார்கள். முதல் பனி தள்ளிப்போகும் ஆண்டுகளில் நவம்பரில் வருகிறவர்களைக் கரிய ஈரத் தரையே வரவேற்கிறது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாளாவது இருக்க வேண்டும். ஆனால் குளிர்கால விடுமுறையை ஒட்டி விசா மையங்களில் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் கடைசி வாரம் வரை காத்திருப்பது சரியல்ல. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் கைரேகை தர வேண்டியதில்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் பிள்ளையை அழைத்துப் போவதானால் மற்றவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் இருக்க வேண்டும்.

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஹெல்சின்கிக்கு நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றிலோ ஐரோப்பிய நகரம் ஒன்றிலோ மாறித்தான் போக வேண்டும். ஹெல்சின்கியிலிருந்து ரொவானியெமிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். பிள்ளைகளோடு போவோர் இரவு ரயிலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரப் பயணம். இரண்டு படுக்கைகள் கொண்ட சிறு அறைகள். மாலையில் ஏறிப் படுத்தால் காலையில் கண் விழிக்கும்போது சன்னலுக்கு வெளியே பனிக்காடு ஓடிக்கொண்டிருக்கும். ஓர் இரவின் விடுதிச் செலவும் மிச்சம். நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு உடனே இன்னொரு விமானத்துக்கு ஓடாமல் ஹெல்சின்கியில் ஒரு நாள் தங்கினால், நேர வேறுபாடும் முதல் குளிரும் உடம்புக்குப் பழகிவிடும். இந்திய நேரத்தைவிட பின்லாந்து குளிர்காலத்தில் மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது.

தங்குமிடத்தில் இரண்டு வகைப் பாதைகள் உண்டு. முதலாவது ரொவானியெமி. 1944 அக்டோபரில் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகளால் இந்நகரம் ஏறக்குறைய முழுதாக எரிந்துபோனது. போருக்குப் பின் அல்வார் ஆல்ட்டோ என்ற கட்டடக் கலைஞர் ரெயின்டீர் மானின் தலையும் கொம்புமாகத் தெருக்களை வரைந்து புதிய நகரத்துக்குத் திட்டம் தந்தார். 1950இல் அமெரிக்க முன்னாள் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் வந்தபோது அவருக்காக ஆர்க்டிக் வட்டக் கோட்டருகே அவசரமாக ஒரு மரக்குடில் கட்டினார்கள். அந்தக் குடிலைச் சுற்றி வளர்ந்து, 1985 முதல் கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் என்ற பெயரோடு விளங்குகிறது இன்றைய சுற்றுலா மையம். நகரத்திலிருந்து 8 கி.மீ.; பேருந்தில் போகலாம். தாத்தாவைச் சந்திக்கக் கட்டணம் இல்லை, புகைப்படத்துக்குத்தான் காசு. அங்குள்ள அஞ்சலகத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் போடும் அஞ்சல் உடனே கிளம்பும். மற்றதில் போடுவது அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் வீடு வந்து சேரும். பிள்ளைகள் தங்களுக்கே ஒரு வாழ்த்து அட்டை எழுதி அந்த இரண்டாவது பெட்டியில் போடுவது அதிகச் செலவில்லாத நல்ல நினைவு.

ரொவானியெமியில் ஆர்க்டிகும் அருங்காட்சியகம் உண்டு, மருத்துவமனை உண்டு, கடைகள் உண்டு. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இது ஆறுதல். ஆனால் கூட்டம் அதிகம். டிசம்பரில் கிராமத்து வாசலில் வரிசை நீளும். இரண்டாவது வழி அமைதியை விரும்புகிறவர்களுக்கு; அவர்கள் இன்னும் வடக்கே போக வேண்டும். கித்திலா விமான நிலையத்திலிருந்து 15 கி.மீ. தூரத்தில் லெவி இருக்கிறது. சறுக்குச் சரிவுகளும் குழந்தைகளுக்கான பயிற்சிப் பகுதியும் கடைத்தெருவும் நடந்து போகும் தொலைவுக்குள் அடங்கிய ஊர். கார் இல்லாமலே ஒரு வாரம் ஓட்டிவிடலாம். இவாலோவுக்குத் தெற்கே சாரிசெல்கா, அதை ஒட்டி உர்ஹோ கெக்கொனென் தேசியப் பூங்கா. இன்னும் வடக்கே, பெரிய ஏரியின் கரையில் இனாரி. இந்த ஊர்களில் சமையலறையும் சானா என்னும் ஆவிக் குளியலறையும் கொண்ட மரவீடு எடுத்துத் தங்குவதே குடும்பத்துக்கு ஏற்ற வழி. கண்ணாடிக் கூரைக் குடில்கள் படத்தில் அழகாக இருந்தாலும் விலை மிகவும் கூடுதல், இடமும் குறுகல். ஆசை இருந்தால் ஓர் இரவு மட்டும் அங்கே தங்கிவிட்டு மற்ற நாட்களை மரவீட்டில் கழிக்கலாம்.

உடைதான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி. தடித்த கோட் ஒன்று வாங்கினால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். குளிரைத் தடுப்பது துணியின் தடிமன் அல்ல, துணிகளுக்கு நடுவே அகப்பட்டிருக்கும் காற்று. அதனால்தான் மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல். அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். வெளியே காற்றும் ஈரமும் புகாத மேலங்கியும் கால்சட்டையும். பருத்தியை உள்ளே போடக் கூடாது. ஓடியாடும் பிள்ளைக்கு வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தை வைத்துக்கொள்ளும். பிள்ளை நின்றதும் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். நம் ஊரில் வெயிலுக்கு இதமாக இருப்பதற்குக் காரணமான அதே குணம்தான் அங்கே ஆபத்தாக மாறுகிறது. ஜீன்ஸும் அப்படியே.

கைக்கு ஐவிரல் கையுறையைவிட நான்கு விரலும் ஒன்றாக அடங்கும் பை போன்ற கையுறை நல்லது. விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். குழந்தையின் கையுறையைக் கயிற்றால் கோத்துச் சட்டைக் கைக்குள் விட்டுவிட்டால் தொலையாது. மாற்றுச் சோடி இரண்டாவது இருக்கட்டும், ஏனென்றால் பனி உருட்டிய கையுறை ஒரு மணி நேரத்தில் நனைந்துவிடும். காலணி வழக்கமான அளவைவிட ஓர் அளவு பெரியதாக இருக்க வேண்டும். கால் சில்லிடுகிறதே என்று காலுறையை இரண்டு மூன்றாகத் திணித்துக் காலணியை இறுக்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சில்லிடும். உள்ளே விரலை அசைக்க இடம் இருந்தால்தான் காலுக்குச் சூடு.

இத்தனையும் விலைக்கு வாங்கிச் சுமக்க வேண்டியதில்லை. தெர்மல், கம்பளிக் காலுறை, தொப்பி, கழுத்துச் சுற்று ஆகியவற்றை வாங்கிக்கொண்டால் போதும். முழு உடல் மேலங்கி, பனிக்காலணி, பெரிய கையுறை ஆகியவற்றை லாப்லாந்தின் சுற்றுலா நிறுவனங்களே வாடகைக்குத் தருகின்றன. நாய் வண்டி, ஸ்னோமொபைல் என்னும் பனி மோட்டார் வண்டி ஆகியவற்றின் பயணங்களில் பெரும்பாலும் அவை கட்டணத்திலேயே அடங்கும். குழந்தைகளின் அளவு இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்னொரு சின்னப் பொருளை மறக்கக் கூடாது: சட்டையில் தொங்கவிடும் ஒளி எதிரொளிப்பான். இருட்டில் நடந்து போகிறவர்கள் அதை அணிவது பின்லாந்துச் சாலைச் சட்டத்தின்படி கடமை. நாளின் பெரும்பகுதி இருண்டிருக்கும் ஊரில் அது உயிர் காக்கும் பொருள்.

பின்லாந்துப் பெற்றோர் குளிருக்கு அஞ்சிக் குழந்தைகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பதில்லை. கைக்குழந்தையைக் கம்பளிக்குள் பொதிந்து, தள்ளுவண்டியில் வெளியே உறங்க வைப்பது அங்கே பழைய வழக்கம். ஆனால் அவர்கள் கவனிக்கும் விஷயங்களை விருந்தினரும் கவனிக்க வேண்டும். ஓடும் பிள்ளைக்குக் குளிராது. சறுக்குப் பலகையில் அசையாமல் உட்கார்ந்து இழுக்கப்படும் பிள்ளைதான் விரைவில் விறைக்கும். அதை இழுக்கும் அப்பாவுக்கு வியர்த்துக்கொண்டிருப்பதால் பின்னால் இருக்கும் பிள்ளையின் நிலை தெரியாமல் போய்விடும். கால்மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளையின் பிடரியில் கைவைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் கவலையில்லை. கன்னத்திலோ மூக்கு நுனியிலோ காதிலோ வெள்ளைத் திட்டு தெரிந்தால் உறைவுக் காயம் தொடங்கிவிட்டது என்று பொருள். வெறும் உள்ளங்கையை அதன் மேல் வைத்துச் சூடேற்றி, உள்ளே அழைத்துப் போக வேண்டும். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்ப்பது இன்னும் கேடு. உலோகத் தோடு, மூக்குத்தி ஆகியவற்றை வெளியே போகும்முன் கழற்றிவிடுவது நல்லது. உறைந்த இரும்புக் கம்பியில் நாக்கை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

நிகழ்ச்சிகளில் பிள்ளைகள் அதிகம் விரும்புவது நாய் வண்டி. ஒரு வண்டிக்கு ஐந்தாறு ஹஸ்கி நாய்கள். பெரியவர் ஒருவர் பின்னால் சட்டத்தில் நின்று ஓட்ட, பிள்ளையோடு மற்றவர் முன்னே உட்கார்ந்துகொள்ளலாம். பூட்டி நிறுத்தியிருக்கும் வரை நாய்கள் குதித்து, ஊளையிட்டு, கயிற்றைக் கடித்து ஆர்ப்பாட்டம் செய்யும். சிறு பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்குப் பயந்து அழுவதும் உண்டு. வண்டி நகர்ந்ததும் குரல் அத்தனையும் அடங்கிவிடும்; சறுக்குக் கட்டைகள் பனியில் உரசும் ஒலி மட்டும் கேட்கும். ஓட்டுகிறவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: என்ன ஆனாலும் கைப்பிடியை விடக் கூடாது. காலால் அழுத்தும் உலோகப் பல்தான் பிரேக். நாய்களுக்கு நிற்பதில் விருப்பமில்லை, ஓட்டுநர் விழுந்தால் அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் சுற்றே தாராளம். அரைநாள் பயணத்தை இன்னும் வளர்ந்த பிள்ளைகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரெயின்டீர் வண்டி இதற்கு நேரெதிர். நடை வேகத்தில் போகும். கைக்குழந்தையையும் மடியில் வைத்துக்கொள்ளலாம். அருகில் நடக்கும் மானின் ஒவ்வோர் அடியிலும் 'டிக் டிக்' என்று ஒலி கேட்கும். பாதத்தில் உள்ள தசைநாண் எலும்பின் மேல் நழுவுவதால் எழும் ஒலி அது. அதன் கண்ணுக்குள் ஒளியை எதிரொளிக்கும் படலம் கோடையில் பொன்னிறமாகவும் குளிர்காலத்தில் நீலமாகவும் மாறுவதை ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தார்கள். இருட்டில் கூடுதல் ஒளியைப் பிடிக்க உதவும் மாற்றம். காட்டில் தனியே திரிவதைப் பார்த்தாலும் லாப்லாந்தின் ரெயின்டீர்கள் எல்லாவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. காதில் வெட்டிய அடையாளத்தை வைத்து யாருடையது என்று அறிகிறார்கள். மேய்ப்பவரிடம் எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு. வங்கியில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதாகவே கொள்வார்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி அழைத்துப் போக வேண்டும்.

ரெயின்டீர் மேய்ப்போடு தொன்றுதொட்டு இணைந்தவர்கள் இந்நிலத்தின் பூர்வகுடிகளான சாமி மக்கள். பின்லாந்தில் அவர்கள் ஏறத்தாழ 10,000 பேர். மூன்று சாமி மொழிகள் பேசப்படுகின்றன. அவர்களின் நாடாளுமன்றம் இனாரியில் இருக்கிறது. சுற்றுலாக் கடைகளிலும் நிகழ்ச்சிகளிலும் சாமி உடையைப் போலியாக அணிந்து வேடிக்கை காட்டும் வழக்கம் அவர்களை நெடுங்காலமாகப் புண்படுத்தி வந்திருக்கிறது. 2018இல் சாமி நாடாளுமன்றம் பொறுப்பான சுற்றுலாவுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அம்மக்களை அறிய விரும்பும் குடும்பம் இனாரியில் உள்ள சீடா அருங்காட்சியகத்துக்கு அரைநாள் ஒதுக்க வேண்டும். 2024ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பிய அருங்காட்சியகம் என்ற விருதைப் பெற்றது அது. பிப்ரவரி 6 சாமி தேசிய நாள். அந்நாளில் இனாரியில் இருக்க நேர்ந்தால் பேறு.

ஸ்னோமொபைல் பற்றி ஒரு எச்சரிக்கை போதும். ஓட்டுவதற்கு ஓட்டுநர் உரிமம் வேண்டும். சிறு பிள்ளைகளை வழிகாட்டியின் வண்டிக்குப் பின்னால் கட்டிய சறுக்கு வண்டியில் உட்கார வைப்பார்கள். வேகத்தால் எழும் காற்று மைனஸ் 15 டிகிரியை இன்னும் பல டிகிரி கீழே கொண்டுபோய்விடும். குழந்தைகளோடு போகும் குடும்பம் இதை விட்டுவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை.

காசு கொடுத்துப் பெறும் இவற்றுக்கு நிகராக, காசில்லாமல் கிடைப்பவையும் லாப்லாந்தில் ஏராளம். பின்லாந்தின் தேசியப் பூங்காக்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. காடு யாருடையதாக இருந்தாலும் அதில் நடக்கவும் சறுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு. வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். பூங்காப் பாதைகளில் விறகு அடுக்கி வைத்த தீமூட்டும் குடில்கள் இருக்கின்றன. ஒரு பொட்டலம் தொத்திறைச்சியோ நாலு உருளைக்கிழங்கோ கொண்டுபோனால் சுட்டுத் தின்றுவிட்டு வரலாம். உறைந்த ஏரியில் துளையிட்டுச் சிறு தூண்டிலால் மீன் பிடிக்கவும் பொதுவாக உரிமச் சீட்டு வேண்டாம். தெளிந்த, உறுதியான பனிக்கட்டி 5 சென்டிமீட்டர் தடித்திருந்தாலே ஓர் ஆளைத் தாங்கும். பிப்ரவரியில் லாப்லாந்து ஏரிகளில் அது அரை மீட்டரைத் தொடும். ஆனாலும் ஆறு கலக்கும் இடங்களையும் குறுகிய நீரோட்டங்களையும் உள்ளூர்க்காரரைக் கேட்காமல் மிதிக்கக் கூடாது. ஊருக்கு ஊர் குழந்தைகள் சறுக்கி விளையாடும் மேடு ஒன்று இருக்கும். கடையில் வாங்கும் ஒரு பிளாஸ்டிக் சறுக்குப் பலகை, பனியைப் பார்த்தேயிராத பிள்ளைக்கு ஒரு வாரம் முழுக்கப் போதும். உண்மையில், திட்டத்தில் எழுதாத இந்த நேரங்களைத்தான் பிள்ளைகள் அதிகம் கொண்டாடுகிறார்கள்.

துருவ ஒளிக்கு உறுதிமொழி யாராலும் தர முடியாது. சூரியனிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தால் துருவப் பக்கம் இழுக்கப்பட்டு, ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்துக்கு மேலே உள்ள ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களோடு மோதும்போது பிறக்கிறது அந்த ஒளி. பச்சை நிறம் ஆக்சிஜன் தருவது. இன்னும் உயரத்தில் அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிரும். இருட்டு, தெளிந்த வானம், சூரியனின் சீற்றம் ஆகிய மூன்றும் ஒரே இரவில் கூட வேண்டும். மேகம் மூடினால் எவ்வளவு பெரிய ஒளியும் தெரியாது. ஆகவே குறைந்தது ஐந்து இரவாவது தங்குவது நல்லது. கேமராவில் பதியும் அடர்ந்த பச்சை கண்ணுக்குப் பல சமயம் வெளிறிய சாம்பல் மேகமாகவே தெரியும் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் வராது. நள்ளிரவில் பேருந்தில் ஏற்றிப் பல மணி நேரம் வானத்தைத் துரத்துவதைவிட, ஊர் விளக்குகளிலிருந்து விலகிய ஓர் ஏரிக்கரை வீட்டை எடுத்துக்கொண்டு, ஒளி தோன்றும்போது உறங்கும் பிள்ளையைக் கம்பளியோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுவருவதே குடும்பத்துக்குத் தகுந்த முறை.

மாலைகளுக்கு சானா இருக்கிறது. ஐம்பத்தாறு லட்சம் பேர் வாழும் பின்லாந்தில் ஏறத்தாழ முப்பது லட்சம் சானாக்கள் உண்டு. 2020இல் யுனெஸ்கோ இதைக் காக்க வேண்டிய மரபாக ஏற்றது. சூடான கற்களில் நீர் தெளித்து எழும் ஆவியில் உட்காருவார்கள். குழந்தைகளைக் கீழ்ப்படியில் சில நிமிடங்கள் மட்டும் உட்கார வைத்து, நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுக்க வேண்டும். பொது சானாக்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே, ஆடையின்றிப் போவது வழக்கம். வாடகை வீட்டின் சானாவில் அந்தச் சங்கடம் இல்லை.

சாப்பாட்டைப் பொறுத்தவரை உணவகங்களில் ரெயின்டீர் இறைச்சியும் சால்மன் மீன் சூப்பும் முதலிடம் பெறும். சைவர்களுக்குத் தேர்வு குறைவு. கம்பு மாவு போன்ற ரை மாவுத் தோலுக்குள் அரிசிக் கஞ்சி வைத்துச் சுட்ட கரேலியப் பணியாரம் எல்லாக் கடைகளிலும் கிடைக்கும். பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள். அரிசி, பருப்பு, காய்கறி, தயிர் எல்லாம் பெரிய கடைகளில் உண்டு என்பதால் சமையலறை உள்ள வீடு பாதிச் செலவைக் குறைக்கும். சாம்பார்ப் பொடி, புளி, ஊறுகாய் எடுத்துப் போகலாம். ஆனால் நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் எந்த இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து கொண்டுபோக அனுமதி இல்லை. கறிவேப்பிலை உட்பட இலைகளுக்கும் பழங்களுக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. கைக்குழந்தைக்கான பால்மாவுக்குக் குறிப்பிட்ட அளவு வரை தடையில்லை.

பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் கார் வாடகைக்கு எடுக்காமல் இருப்பதே நலம். இருட்டும் வழுக்கலும் ஒரு பக்கம். சாலையில் சாவகாசமாக நின்றுவிடும் ரெயின்டீர்கள் இன்னொரு பக்கம். வண்டி மோதி ஆயிரக்கணக்கில் அவை ஆண்டுதோறும் இறக்கின்றன. விமான நிலையப் பேருந்தும் ஊர்களுக்கு இடையே ஓடும் பேருந்தும் பெரும்பாலான தேவைக்குப் போதும். எந்த அவசரத்துக்கும் அழைக்க வேண்டிய எண் 112. கைபேசியின் மின்கலம் குளிரில் சட்டென இறங்கிவிடும் என்பதால் அதைச் சட்டைக்குள், உடம்பை ஒட்டி வைத்திருக்க வேண்டும்.

முன்பதிவின் வரிசையும் குளிரை வைத்தே அமைய வேண்டும். முதலில் தங்கும் வீடு, பிறகு விமானமும் ரயிலும், அதன் பின் விசா. நாய் வண்டியும் ரெயின்டீர் வண்டியும் கடைசியில். இந்தப் பயணங்களை முதல் நாளிலும் இறுதி நாளிலும் போடாமல் நடுவில் வைத்தால், மைனஸ் 30ஐத் தாண்டும் நாளில் நிறுவனம் அதை ரத்து செய்தாலும் மறுநாளுக்கு மாற்றிக்கொள்ள இடமிருக்கும். கடுங்குளிர் என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தேதியை மாற்றலாமா என்ற இரண்டு கேள்விகளையும் பணம் கட்டும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பனிப்புயலால் விமானம் தாமதமாவது அரிதல்ல என்பதால், வடக்கிலிருந்து கிளம்பும் நாளுக்கும் ஹெல்சின்கியிலிருந்து ஊருக்குப் புறப்படும் நாளுக்கும் நடுவே ஓர் இரவு விட்டு வைப்பது அவசியம்.